ஸ்கேனர் ஏன் தவறுகிறது?

கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் மாணவர் ஒருவர் தம் மதிப்பெண் பட்டியலை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறித் திரையில் பட்டியல் முழுமையாகத் தெரிகிறது. விண்ணப்பத்துடன் அதை அனுப்பிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார். சில நாள் கழித்து, ‘பதிவெண் தெளிவாக இல்லை’ என்ற குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்துவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 3 என்ற இலக்கம் 8 போலத் தெரிகிறது. தாளில் பிழை இல்லை. பார்த்தவர் கண்ணிலும் பிழை இல்லை. இடையில் நின்ற கருவி எங்கோ தவறியிருக்கிறது.

கருவி எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது, அதை நாமே எவ்வாறு கண்டுபிடித்துச் சரிசெய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம். ஸ்கேனர் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால், அதன் கோளாறுகளில் பெரும்பாலானவை தாமே விளங்கிவிடும்.

தாள் எண்களாக மாறும் விதம்

1957-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், மூன்று மாதமே ஆன தம் மகனின் புகைப்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். படத்தின் அளவு 5 சென்டிமீட்டர் சதுரம். அதனை ஒரு வரிசைக்கு 176 புள்ளி வீதம் 176 வரிசைகளாக, அதாவது மொத்தம் 30,976 புள்ளிகளாகப் பிரித்தார். இன்றைய ஸ்கேனர்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். புள்ளிகளின் எண்ணிக்கைதான் பெருகிவிட்டது.

ஸ்கேனரின் கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கும், ஒளியை உணரும் நுண்ணிய உறுப்புகள் வரிசையாகப் பதிந்த ஒரு பட்டையும் உள்ளன. விளக்கின் ஒளி தாளில் பட்டுத் திரும்புகிறது. வெள்ளை இடம் மிகுந்த ஒளியைத் திருப்பியனுப்பும். மை படிந்த இடம் குறைந்த ஒளியையே திருப்பும். திரும்பிய ஒளிக்கு ஏற்ப ஒவ்வோர் உறுப்பிலும் மின்னூட்டம் சேர்கிறது. அதனை அளந்து 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றுகிறார்கள். 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. ஒரு வரிசை முடிந்ததும் மோட்டார் பட்டையைச் சிறிது நகர்த்துகிறது. அடுத்த வரிசை அளக்கப்படுகிறது. இவ்வாறு தாள் முழுவதும் எண்களின் பெரிய அட்டவணையாக மாறிவிடுகிறது.

அட்டவணை எவ்வளவு பெரியது? ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் அகலத்தில் 2,480 புள்ளிகளும் உயரத்தில் 3,508 புள்ளிகளும் கிடைக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். வண்ணப் படமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஆகவே ஒரே ஒரு பக்கம் 2 கோடியே 60 இலட்சம் எண்களாகிறது! இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

நோய் எந்த உறுப்பில்?

மருத்துவர் முதலில் நோய் எந்த உறுப்பில் என்று பார்ப்பதுபோல், நாமும் கோளாறு எந்தப் பகுதியில் என்று முதலில் காணவேண்டும். தாளின் பயணத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. ஒளி படுவதும் அளப்பதும் முதற்கட்டம். எண்கள் கணிப்பொறிக்குச் செல்வது இரண்டாவது. அவற்றைச் சுருக்கிக் கோப்பாகச் சேமிப்பது மூன்றாவது.

நகல் எடுத்தல், அச்சடித்தல், ஸ்கேன் செய்தல் மூன்றையும் ஒரே கருவி செய்வதானால் ஓர் எளிய சோதனை உண்டு. கணிப்பொறியைத் தொடாமல், கருவியிலேயே ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். நகல் நன்றாக வந்தால் கண்ணாடியும் விளக்கும் உணர்பட்டையும் நலமாக உள்ளன. குற்றம் கம்பியிலோ மென்பொருளிலோ இருக்கவேண்டும். நகலிலும் அதே குறை தெரிந்தால், கணிப்பொறியிலிருந்து ஏற்கெனவே உள்ள ஒரு கோப்பை அச்சிட்டுப் பாருங்கள். அச்சு தூய்மையாக வந்தால் குற்றம் ஸ்கேனர் பகுதியில் என்பது உறுதி. அரை மணி நேரம் அலைவதை இந்த இரண்டு தாள்கள் மிச்சப்படுத்தும்.

நீண்ட கோடு விழுவது ஏன்?

பலரும் சந்திக்கும் குறை இது. தாளின் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும். மூலத்தாளில் கோடே இராது. வேடிக்கை என்னவென்றால், அதே தாளைப் பெரிய கண்ணாடியில் கவிழ்த்து வைத்து எடுத்தால் கோடு மறைந்துவிடும்; மேலுள்ள தட்டில் அடுக்கித் தானாக இழுக்கவிட்டால் மட்டும் தோன்றும்.

காரணம் எளியது. பெரிய கண்ணாடியில் வைக்கும்போது தாள் அசைவதில்லை, உணர்பட்டை நகர்கிறது. கண்ணாடி மீது ஒரு தூசி இருந்தால், படத்தில் அது ஒரு புள்ளியாக மட்டும் விழும். மேல்தட்டிலிருந்து இழுக்கும்போதோ உணர்பட்டை ஓரிடத்தில் நிற்கிறது. தாள்தான் அதைக் கடந்து செல்கிறது. ஆகவே தூசி ஒவ்வொரு வரிசையிலும் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் பதிவாகிறது. வரிசைகளை அடுக்கினால் புள்ளிகள் சேர்ந்து கோடாகிவிடுகின்றன.

அந்தத் தூசி பெரிய கண்ணாடியில் இராது. அதன் பக்கத்தில், ஒரு விரல் அகலத்தில் நீண்ட சிறு கண்ணாடிப் பட்டை ஒன்று இருக்கும். பலர் பெரிய கண்ணாடியை நாள்தோறும் துடைத்துவிட்டு, இதைக் கவனிப்பதே இல்லை. ஈரம் உலராத பேனா மையும், பிழை திருத்தும் வெள்ளை மையும், பசையும் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. நூல் பிரியாத மென்துணியில் சிறிது தண்ணீரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ தொட்டுத் துடைத்தால் போதும். திரவத்தைக் கண்ணாடி மீது நேராகத் தெளிக்கக்கூடாது. ஓரத்தின் வழியே உள்ளே இறங்கினால் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் கறை படியும். கருவியைப் பிரிக்காமல் அக்கறையைத் துடைக்க முடியாது.

பின்பக்கத்து எழுத்து முன்னே தெரிந்தால்

மெல்லிய தாளின் இரு பக்கமும் அச்சிருந்தால், பின்பக்கத்து எழுத்துகள் நிழல்போல் முன்பக்கத்தில் தெரியும். ஒளியில் ஒரு பகுதி தாளை ஊடுருவிச் சென்று, ஸ்கேனர் மூடியின் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பி வருகிறது. போகும்போதும் வரும்போதும் பின்பக்கத்து மையைக் கடப்பதால் அதன் உருவையும் சுமந்து வருகிறது. தாளின் முதுகில் ஒரு கறுப்பு அட்டையை வைத்து எடுத்துப் பாருங்கள். ஊடுருவிய ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடும். நிழல் பெருமளவு மறையும். தாள் சற்றே மங்கலாகத் தோன்றும். ஒளியளவைச் சிறிது கூட்டி அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

புத்தகத்தின் நடுமடிப்பு மங்குவது வேறு காரணத்தால். ஸ்கேனர்களில் இரு வகை உண்டு. ஒரு வகையில் கண்ணாடிகளும் லென்ஸும் தாளின் உருவைச் சிறிதாக்கி உணர்சில்லின் மீது விழச்செய்கின்றன. அச்சில்லுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பைப் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் செய்த வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகை, கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் விலகிய எழுத்தையும் தெளிவாகப் பார்க்கும். மற்றொரு வகையில் உணர்பட்டை தாளின் அகலம் முழுவதும் நீண்டு, கண்ணாடியை ஒட்டியே நகரும். கருவி மெலிதாகவும் மலிவாகவும் அமைய இது உதவுகிறது. ஆனால் தாள் சற்று விலகினாலே எழுத்து மங்கிவிடும். மெலிந்த ஸ்கேனரில் தடித்த புத்தகம் சரியாக வராததற்கு இதுவே காரணம், அது பழுதன்று.

செய்தித்தாள் படத்தில் அலைகள்

செய்தித்தாளில் வந்த புகைப்படத்தை ஸ்கேன் செய்தால், இல்லாத அலைகளும் கட்டங்களும் முகத்தின் மேல் தோன்றுவதுண்டு. இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். இரண்டிலும் இல்லாத பெரிய அலைகள் தோன்றி நகரும். ஸ்கேனரில் நிகழ்வதும் இதுவே.

அச்சுப் படம் சிறு புள்ளி வரிசைகளால் ஆனது. அங்குலத்திற்கு 85 வரிசைகள் கொண்ட படத்தை அங்குலத்திற்கு 100 புள்ளி வீதம் ஸ்கேன் செய்வதாகக் கொள்வோம். இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்தியும் விலகியும் செல்ல, 100-இல் 85 போக, அங்குலத்திற்கு 15 போலிப் பட்டைகள் உண்டாகும். 300 புள்ளி வீதம் எடுத்தால் ஒவ்வோர் அச்சுப்புள்ளி வரிசைக்கும் மூன்றுக்கு மேற்பட்ட அளவீடுகள் கிடைக்கும். பட்டைகள் பெரிதும் குறையும். அதன்பின் மென்பொருளில் சற்று மென்மையாக்கிச் சிறிதாக்கிக்கொள்ளலாம். அச்சுப்புள்ளிகளை நீக்கும் வசதி பல ஸ்கேனர்களில் உண்டு. தெளிந்த எழுத்துக்கு அதைப் பயன்படுத்தினால் விளிம்புகள் மழுங்கும் என்பதை மறக்கவேண்டாம்.

தமிழ் எழுத்தின் புள்ளி

தமிழ் வாசகர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாதாரணப் புத்தக எழுத்தில் மெய்யெழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அங்குலத்திற்கு 100 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு படப்புள்ளியும் 0.25 மில்லிமீட்டர். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒன்றிரண்டு படப்புள்ளிகளே கிடைக்கும். 300 புள்ளி வீதம் எடுத்தால் ஒவ்வொன்றும் 0.085 மில்லிமீட்டர், ஆகவே நான்கைந்து படப்புள்ளிகள் அகலத்தில் அது தெளிவாக அமையும்.

கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறத்தில் சேமித்தால் ஆபத்து இன்னும் கூடும். அப்போது ஸ்கேனர் ஓர் எல்லையை வைத்துக்கொள்கிறது. 128-க்குக் குறைந்ததெல்லாம் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை என்பது போன்ற தீர்ப்பு அது. மங்கிய தட்டச்சு எழுத்தும், பென்சில் குறிப்பும், தேய்ந்த முத்திரையும் எல்லைக்கு அப்பால் விழுந்து அடியோடு மறைந்துவிடும். சாம்பல் நிறத்தில் எடுத்தால் 256 படிகளும் காக்கப்படுகின்றன. பின்னர் வேண்டியவாறு திருத்திக்கொள்ளலாம். இழந்ததைத் திருத்த வழியில்லை.

‘தூசி நீக்கம்’ என்ற வசதியையும் எச்சரிக்கையுடன் கையாளவேண்டும். தனித்து நிற்கும் சிறு கறுப்புப் புள்ளிகளை எல்லாம் அது தூசி என்று கருதி அழித்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி எது, தூசி எது என்று அதற்குத் தெரியாது. ‘கல்’ என்பது ‘கல’ ஆகலாம். எழுத்துப் போனால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார், ‘12.50’ என்ற தொகையில் நடுப்புள்ளி போனால் அது ‘1250’ ஆகிவிடும். அங்கே ஊகத்துக்கு இடமேது?

கணிப்பொறி ஸ்கேனரைக் காணாவிட்டால்

இனி இரண்டாம் கட்டம். நகல் நன்றாக வருகிறது. ஆனால் கணிப்பொறியோ ஸ்கேனரே இல்லை என்கிறது. முதலில் கம்பியைக் கழற்றி வேறு துளையில் செருகிப் பாருங்கள். பல இணைப்புகளுக்கான கிளைப்பெட்டி வழியாகச் செல்லாமல், கணிப்பொறியிலேயே நேராகச் செருகுவது நல்லது. அடுத்து, டிரைவர் எனப்படும் இயக்க மென்பொருளைக் கவனியுங்கள். ஸ்கேனரின் மொழியைக் கணிப்பொறிக்கு விளக்கும் மொழிபெயர்ப்பாளர் அது. புதிய கணிப்பொறி வாங்கிய பின் பழைய ஸ்கேனர் ஓயுமானால், பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாததே காரணம். கருவி கெட்டுவிட்டதாக எண்ணி எறிந்துவிடவேண்டாம். ஸ்கேனர்களுக்கும் மென்பொருள்களுக்கும் இடையே ‘ட்வைன்’ என்ற பொது உடன்பாடு 1992-இல் உருவானது. அதனைப் பின்பற்றும் வேறொரு மென்பொருளில் முயன்று பார்ப்பதும் பயன் தரும்.

அலுவலகங்களில் பலர் ஒரே ஸ்கேனரை வலைப்பின்னல் வழியே பயன்படுத்துவார்கள். நேற்றுவரை வேலை செய்தது, மின்தடைக்குப் பின் இன்று வேலை செய்யவில்லை என்பது அங்கே கேட்கும் முறையீடு. வலைப்பின்னலில் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் உண்டு. மின்சாரம் போய் வந்ததும் ஸ்கேனருக்குப் புதிய எண் கிடைத்திருக்கலாம். கணிப்பொறியோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேனருக்கு மாறாத எண் ஒன்றை ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை தீரும். கணிப்பொறியின் கடவுச்சொல்லை மாற்றியவர்கள், ஸ்கேனரிலும் அதை மாற்ற மறந்துவிடுவது மற்றொரு காரணம்.

ஸ்கேன் மிகவும் மெதுவாக நடக்கிறதா? முன்பு சொன்ன 2 கோடியே 60 இலட்சம் எண்களை எண்ணிப் பாருங்கள். அங்குலத்திற்கு 600 புள்ளி என்று மாற்றினால் அகலத்தில் இரு மடங்கு, உயரத்தில் இரு மடங்கு. ஆக நான்கு மடங்கு, 10 கோடியைத் தாண்டும். சாதாரண அச்செழுத்துக்கு 300 போதும். மிகச் சிறிய எழுத்துக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் 600 பயன்படுத்தலாம்.

சுருக்கும்போது நேர்ந்த பெரும் பிழை

மூன்றாம் கட்டம்தான் மிகவும் ஏமாற்றுவது. அது செய்யும் பிழை கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

ஜெர்மனியைச் சேர்ந்த கணிப்பொறி அறிஞர் டேவிட் கிரீசல், 2013 ஆகஸ்டில் ஒரு செய்தியை வெளியிட்டார். ஒரு வீட்டு வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் கருவியில் ஸ்கேன் செய்தபோது, அறைகளின் பரப்பளவு மாறியிருந்தது. மூலத்தில் மூன்று அறைகளுக்கும் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தன. ஸ்கேன் செய்த படத்திலோ மூன்றிலும் 14.13 என்றே இருந்தது! எண்கள் மங்கவில்லை, சிதையவில்லை. அச்சடித்தாற்போல் தெளிவாக, ஆனால் தவறாக இருந்தன.

இது எப்படி நேர்ந்தது? கோப்பைச் சிறிதாக்க ‘ஜேபிக்2’ என்ற முறையை அக்கருவி பயன்படுத்தியது. ஒரு பக்கத்தில் ஒரே எழுத்து நூறு முறை வருமானால், நூறு உருவங்களையும் சேமிப்பதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே பதித்துவிடலாம் என்பது இம்முறையின் கருத்து. அச்சுக்கோப்பவர் ஒரே அச்செழுத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது போன்றது இது. ஆனால் இரண்டு உருவங்கள் ஒன்றுதான் என்று முடிவு செய்வது கருவி. சிறிய எழுத்தில் 6-க்கும் 8-க்கும் சில படப்புள்ளிகளே வேறுபாடு. போதிய நெருக்கம் இருப்பதாகக் கருவி கருதிவிட்டால், 6 இருந்த இடத்தில் அழகான 8 வந்து உட்கார்ந்துவிடும்.

சுருக்கத்தைக் குறைத்து வைத்தால் போதும் என்று முதலில் கருதப்பட்டது. உயர்ந்த தரத்திலும் எண்கள் மாறுவதைக் கிரீசல் எடுத்துக்காட்டிய பின், மென்பொருளில் பிழை இருப்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. மூலத்தாளை அழித்துவிட்டு ஸ்கேனை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆவணங்களுக்கு இம்முறை கூடாது என்று ஜெர்மனியில் 2015-இல் விலக்கப்பட்டது. நகல் என்ற சொல்லுக்கே பதிலாகத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயரைக் கொண்ட கருவியிலும் நகல் மூலத்தை ஒத்திராமல் போனது, எல்லாருக்கும் ஒரு பாடம். மருந்தின் அளவும், பாலத்தின் கணக்கும், நிலத்தின் பரப்பும் இவ்வாறு மாறினால் விளைவு என்னவாகும்?

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ‘ஜேபெக்’ முறை இலக்கங்களை இவ்வாறு மாற்றாது. ஆனால் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளைக் கைவிடுகிறது. அதிகம் சுருக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் ஆகும். தொடக்கத்தில் கண்ட மாணவரின் 3 என்ற இலக்கம் 8 போலானதற்கு இப்படிப்பட்ட சுருக்கம் காரணமாக இருக்கலாம். கோப்பு இவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டால், பலர் செய்வது சுருக்கத்தை மேலும் மேலும் கூட்டுவது. அதற்குப் பதிலாக, வண்ணத்தைச் சாம்பல் நிறமாக மாற்றிப் பாருங்கள். எண்கள் மூன்றில் ஒன்றாகிவிடும். வெற்று ஓரங்களை வெட்டிவிடுங்கள். அதன்பின் சிறிதளவு சுருக்கினாலே பெரும்பாலும் போதும்.

மூன்று பழக்கங்கள்

ஸ்கேன் செய்யும் ஒவ்வொருவரும் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வது நலம். முதலாவது, முதல் தாளை எடுத்தவுடன் திரையில் பெரிதாக்கி, மிகச் சிறிய எழுத்து உள்ள இடத்தைப் பார்ப்பது. நூறு தாள்களை எடுத்து முடித்த பின் கோட்டைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. இரண்டாவது, எண்களையும் பெயர்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது. கூட்டுத்தொகை இருந்தால் கூட்டிப் பாருங்கள். மாறிய இலக்கம் பெரும்பாலும் அங்கே பிடிபட்டுவிடும். மூன்றாவது, சுருக்காத நல்ல படம் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் சுருக்கிய படியைப் பயன்படுத்துவது.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த சமூகத்தில் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து கணிப்பொறியில் சேர்த்து வருகிறது. தீயும் வெள்ளமும் கரையானும் தாளை அழித்துவிட்டால், எஞ்சி நிற்பது இத்தகைய படங்களே. அப்போது ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இராது. ஆகவே, மூலம் கையில் இருக்கும்போதே சிறு கண்ணாடிப் பட்டையைத் துடைத்து, சரியான அளவில் எடுத்து, ஒருமுறை சரிபார்த்துவிடுவது, பின்னால் வந்து அதைப் படிப்பவருக்கு நாம் செய்யும் உதவியாகும்.